அப்பாவின் இரண்டாவது ரிட்டயர்மென்ட்

என் அப்பா இரண்டு முறை ரிட்டயர் ஆகத் தயாரானவர். முதல் முறை மைன்ஸிலிருந்து, அதாவது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து. அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்கள். இரண்டாம் முறை உயிரிலிருந்து. அதற்கு அவரே தேதி குறித்தார், அவரே நோட்டுப் போட்டார், அவரே வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினார். எல்லாம் ஒரு செய்தித்தாள் செய்த வேலை.

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை அது. வடலூரில் ஜோதி பார்த்துவிட்டு, கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நின்று நின்று வந்த கால்வலியோடு அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பேப்பர் படித்தால் தெருவே படித்த மாதிரி. என் கணவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. அவர் பேரில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். அப்பா ரிட்டயர் ஆகித் தன் குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளிலிருந்து அவரும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நான் டவுன்ஷிப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். பேப்பரில் எண் ஏதாவது வந்துவிட்டால் அப்பா என்னைக் கூப்பிடாமல் விடமாட்டார்.

“பாப்பா, இதக் கேளு. மனுசனோட சராசரி ஆயுசு இந்தியாவுக்கு எழுவதாம். நம்ம ஸ்டேட்டுக்கு எழுவத்தி மூணு!”

கபடியில் நம் அணி ஜெயித்துவிட்டது போல ஒரு குரல். அம்மா சமையலறையிலிருந்து, “என்னாது எழுவத்தி மூணு?” என்றாள்.

“ஆயுசு.”

“அப்ப சரி. நான் தக்காளி வெலைன்னு நெனச்சிட்டேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: பெண்களுக்கு இதைவிடக் கூடுதல், ஆண்களுக்கு இதைவிடக் குறைவு. அப்பாவின் கண்ணாடி அதுவரை இறங்கவில்லை. நான் பேப்பரை வாங்கி மடித்து அலமாரிக்கு மேல் போட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. ஆனால் அதற்குள் அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வயது எழுபத்து இரண்டு. ஜூனில் எழுபத்து மூன்று.

இங்கே டவுன்ஷிப்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வயது என்பது ஒரு தேதி. யார் எந்த மாதம் ரிட்டயர் என்பது பிளாக் முழுக்கத் தெரியும். மாதக் கடைசி நாளில் எந்தத் தெருவில் பட்டாசு வெடித்தாலும், “இன்னிக்கு யாருக்கு?” என்றுதான் கேட்போம். அறுபது என்றால் அறுபதுதான்; ஒரு நாள் முன்னேயும் இல்லை, ஒரு நாள் பின்னேயும் இல்லை. பெரிய இன்ஜினீயரானாலும் சரி, அப்பாவைப் போல நிலக்கரி ஓடும் பெல்ட் செக்‌ஷன் தொழிலாளியானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே கேட். இப்படி முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த மனிதரிடம் போய் ‘சராசரி’ என்றால் அவர் என்ன செய்வார்? அரசாங்கம் குறித்த கடைசித் தேதி என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே விஷயம் பூங்கா பெஞ்சுக்குப் போய்விட்டது. அந்த பெஞ்சில் ரிட்டயர் ஆனவர்கள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். அதில் ஒருவர் கேரளக்காரர், மைன்ஸில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கேரளத்துக்கு நம்மைவிட இரண்டு வருடம் கூடுதல் என்று யாரோ போனில் பார்த்துச் சொல்ல, அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “ஒமக்கு மட்டும் ரெண்டு வருசம் எக்ஸ்டென்ஷனா?” என்று சண்டைக்குப் போனார்.

“பிறந்தது அங்கே, நாற்பத்தஞ்சு வருஷமா தண்ணி குடிச்சது இங்கே. என்னை எந்த லிஸ்ட்ல சேர்ப்பாங்கன்னு தெரியலையே,” என்றார் அவர்.

இரண்டு நாள் வாதம் நடந்தது. கடைசியில், குவார்ட்டர்ஸ் எங்கேயோ அங்கேதான் கணக்கு என்று பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு வருட ஆயுசைப் பறிகொடுத்த அந்த மனிதர் ஒரு வாரம் பெஞ்சுப் பக்கம் வரவில்லை.

இதையெல்லாம் நாங்கள் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். மாசி பிறந்த பிறகுதான் நோட்டைப் பார்த்தேன். என் மகளின் பழைய கணக்கு நோட்டு. அதன் பின்பக்கத்தில் அப்பா அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, தலைப்பில் ‘நோ டியூஸ்’ என்று எழுதியிருந்தார். மைன்ஸில் ரிட்டயர் ஆகிறவர்கள் கடைசி மாதத்தில் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செக்‌ஷனாகப் போவார்கள். ஸ்டோர், நூலகம், கேன்டீன் என்று ஒவ்வோர் இடத்திலும், இவரிடம் எங்கள் பொருள் எதுவும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்கவேண்டும். அதே முறைப்படி அப்பா எழுதியிருந்தார்: எதிர்வீட்டு ஏணி, கொடுத்தாச்சு, கையெழுத்து. நூலகப் புத்தகம், கொடுத்தாச்சு, கையெழுத்து. கோயில் கமிட்டிச் சாவி, அதற்கும் கையெழுத்து. ஸ்பேனர் செட்டைப் பக்கத்துத் தெரு ஃபிட்டருக்கு அன்பளிப்பாகக் கொடுத்து அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். ஏன் எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்து ஜனங்களை என்ன சொல்வது!

நோட்டின் அடுத்த பக்கத்தில் ‘சார்ஜ் ஒப்படைப்பு’ தொடங்கியது. தண்ணீர் மோட்டார் எப்படிப் போடுவது, கேஸ் புக் செய்யும் நம்பர் எது, ஃபியூஸ் போனால் எந்தக் கட்டை என்று அம்மாவுக்குத் தினம் பாடம். சுவிட்சுகளுக்கு மேல் காகிதம் வெட்டி ஒட்டிவிட்டார்.

“நாப்பத்தஞ்சு வருசமா மோட்டார் போடறது நானு. இவரு வந்து எனக்கு சொல்லித் தராரு,” என்று அம்மா என்னிடம் பொருமினாள். “கெளம்பறவரு சும்மா கெளம்பக்கூடாதா?”

அம்மா சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். கண் கலங்கியிருந்தது.

சித்திரையில் ஒரு காலை, முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பா குழாயடியில் அப்படியே சரிந்தார். அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, “வழுக்கிடுச்சு,” என்றார். வழுக்க அங்கே ஈரமே இல்லை. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த டாக்டர் ஓர் இளம்பெண். இதயத் துடிப்பைக் கிளப்பிவிடும் மின்சாரம் அவ்வப்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தால் சரியாகிவிடும் என்று பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். அந்த மாதத்துக்குள் வைத்துவிட வேண்டும். அடுத்த முறை விழுந்தால் எழுந்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது.

அப்பா மோட்டார் வாங்கப் போனவர் போலக் கேட்டார். “பேட்டரி எத்தன வருசம் ஓடும்மா?”

“பத்து வருஷம் வரைக்கும் வரும்யா. அப்புறம் மாத்திக்கலாம்.”

“எனக்கு ஜூனோட முடியுது. மீதி ஒம்போது வருசம் வேஸ்ட்டா போவும். சர்வீஸ் இருக்கற ஆளா பாத்து வெச்சி விடுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஜூனில் முடிகிற வியாதி ஒன்றை நான் மறைத்துவிட்டேனோ என்று கேட்பது போல் இருந்தது அந்தப் பார்வை. நான் என்னத்தைச் சொல்ல? “வீட்ல பேசிட்டு வர்றோம் மேடம்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு வந்ததே கோபம். ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டேன். அப்பா கோபப்படவே இல்லை. “கண்டம் பண்ணப்போற மிஷினுக்குப் புது பேரிங் போடமாட்டாங்க பாப்பா,” என்றார். இனிப் பழுது பார்த்து லாபமில்லை என்று ஒரு இயந்திரத்தை ஒதுக்கிவைப்பதை மைன்ஸில் கண்டம் பண்ணுவது என்பார்கள். “பெல்ட்டுல நானே எத்தன ரோலர கண்டம்னு எழுதிக் குடுத்துருக்கேன். ஸ்டோர்ல புது ரோலர் இருக்கும். இருந்தாலும் எழுதிடுவேன். அது தப்பில்ல. அதான் மெயின்டனன்ஸ்.”

“நீங்க ரோலரா?”

“வயசு ஆச்சுன்னா எல்லாம் ஒண்ணுதான்.”

கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம்தான் பெரிது. பள்ளியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று பாதிக் கணக்கில் நிறுத்தி வாசலைப் பார்ப்பேன். அம்மா அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பதில் வரும்வரை பேசுவாள். அவர் மட்டும் நிம்மதியாக நோட்டில் அடுத்த கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

கெஞ்சினோம், அழுதோம், என் கணவர் அவருக்குத் தெரிந்த அதிகாரியை விட்டுச் சொல்லவைத்தார். நாங்கள் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தும் அவர் மசியவில்லை. சரி, எனக்குத் தெரிந்ததைக் கொண்டு பார்ப்போம் என்று மே மாத லீவில் ஒரு காலை அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

“அப்பா, ஒரு கணக்கு. பத்துப் பேர் பரீட்சை எழுதணும். ஏழு பேர் வந்து எழுதி ஆளுக்குத் தொண்ணூறு வாங்கினாங்க. மூணு பேர் வரவே இல்ல. சைபர். சராசரி என்ன?”

பெல்ட் செக்‌ஷனில் மீட்டர் கணக்குப் போட்ட தலை. இமைக்காமல் சொன்னார். “அறுவத்தி மூணு.”

“அறுபத்து மூணு வாங்கினவன் அந்த வகுப்புல யாரு?”

யோசித்தார். “ஒருத்தனும் இல்ல.”

“ஆயுசுச் சராசரியும் அப்படித்தான். பொறந்த அன்னிக்கே போன குழந்தை, ஒரு வயசுல காய்ச்சல்ல போன குழந்தை, இருபதுல பைக்ல போனவன், எல்லாரையும் சேர்த்துக் கூட்டி வகுத்தா வர்றது அந்த எழுபத்து மூணு. நம்ம ஸ்டேட் மத்தவங்களுக்கு முன்னால போறதே, கிழவங்க ரொம்ப நாள் இருக்கறதால மட்டும் இல்ல. இங்க சைபர் வாங்கற குழந்தைங்க கொறைஞ்சு போனதுதான் பெரிய காரணம். நீங்க எழுபதைத் தாண்டி வந்தாச்சு. தாண்டினவங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு தனிக் கணக்கு இருக்கு. அதுல உங்களுக்கு அந்த பேட்டரி அளவுக்கு மிச்சம் இருக்கு.”

அப்பா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“கணக்கு சரிதான். ஆனா நம்ம வூட்ல சைபர் யாருமில்லியே. நாங்க மூணு பேரு. அண்ணன் அறுவத்தெட்டுல போச்சு. அக்கா இருக்கு. நான் இருக்கேன். எங்க வூட்ல கணக்கு முடிஞ்சது அண்ணனுது ஒண்ணுதான், அதப் பாத்தா எனக்கு எப்பவோ தேதி தாண்டிருச்சி.”

எழுந்து முருங்கைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். நானே கணக்கில் ஃபெயிலான மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்கா, அதாவது என் அத்தை, இரண்டு நாளில் வந்து இறங்கினாள். காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவைவிட மூத்தவள். எண்பதைத் தாண்டியும் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி பஸ் ஏற்றிக்கொண்டு தனியாக வருகிறவள். தம்பி விழுந்துவிட்டான் என்று அம்மா போனில் சொன்னதைக் கேட்டு வந்திருந்தாள். வந்த வேகத்தில் தரையில் சாக்கை விரித்து, கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சுளை வாங்கித் தின்றார். இனிப்பை மட்டும் கண்டம் பண்ணவில்லை போலும்.

நான் விடவில்லை. “அத்தை, நீங்க மொத்தம் எத்தனை பேரு பொறந்தீங்க?”

“மூணு பேருதான்,” என்றார் அப்பா.

“நீ சும்மா கெட,” என்றாள் அத்தை. “ஒனக்கு என்னா தெரியும். எட்டு.”

பிசுபிசுத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். “மூத்தது பொண்ணு, பொறந்து கண்ணே தொறக்கல. அப்பறம் அண்ணன். அப்பறம் நானு. எனக்குப் பின்னாடி ரெண்டு பொண்ணு, ரெண்டும் அம்மை போட்டு ஒரே மாசத்துல பூடுச்சிங்க. அப்பறம் இவன், அம்மா வூட்ல போயி பெத்துகினு வந்தாங்க. இவனுக்கு அடுத்தது கொறப் பிரசவம். கடசியா ஒருத்தன்.” எட்டாவது விரலை மடக்கிக்கொண்டு அவள் நிறுத்தினாள். “ஆனி மாசத்துல பொறந்தான். செவப்பா இருப்பான். எட்டு மாசம் இருந்தான். காலைல வாந்தியும் பேதியும் புடிச்சிது. டாக்டரு பண்ருட்டிலதான். வண்டி கட்டிகினு பாதி தூரம் போயிட்டாங்க. திரும்பி வந்துட்டாங்க.”

எட்டில் ஐந்து. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஐந்து. கையிலிருந்த சுளையைத் தட்டில் வைத்தேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார். “ஒருத்தன் இருந்தான்னு தெரியும்க்கா. தூளி ஆட்டினது ஞாபகம் இருக்கு. எனக்கு அப்ப ஒரு வயசு, ரெண்டு வயசா?”

“ஒரு வயசுக் கொழந்தைக்குத் தூளி ஆட்டின ஞாபகம் எப்பிடிடா இருக்கும்? நாலு வயசு ஒனக்கு. எங்கூட ஆடு ஓட்டிகினு வருவ.” அத்தை ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள். “இனிமே சொன்னா என்னா. அவன் தேதியத்தான்டா நீ போட்டுகினு இருக்க.”

அத்தையேதான் சொல்லி முடித்தாள். எங்கள் நிலம் மைன்ஸுக்குப் போனபோது நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று ஆனது. வேலைக்குப் பிறந்த தேதி வேண்டும்; அப்பாவின் தேதியை வீட்டில் யாரும் குறித்துவைத்திருக்கவில்லை. தாத்தா ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் போய்ப் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். பாட்டியின் தாய்வீட்டில் பிறந்த அப்பாவின் பிறப்பு அதில் ஏறவே இல்லை. இருந்தது ஒரே ஒரு வரி: இன்னார் மகன், ஆண் குழந்தை, பெயர் இல்லை. அது கடைசித் தம்பியின் வரி. அவன் இறந்ததை யாரும் போய் எழுதிவைக்கவும் இல்லை. தாத்தா அந்த வரியையே நகல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எங்கிட்ட வந்து குந்திகினு அழுதாரு எங்கப்பா. செத்த புள்ள தேதிய உசுரோட இருக்கற புள்ளைக்கு குடுத்துட்டேனே, ஆவுமான்னு. யார்கிட்டயும் சொல்லாத, அவன் வேல பூடும்னாரு. நானும் சொல்லல. அப்பறம் மறந்தே போச்சி.” பலாக்கொட்டைகளை ஒதுக்கிக்கொண்டே, “அவன ஏரிக்கர எலந்த மரத்தாண்ட பொதச்சோம். அதுவும் மைன்ஸுக்குள்ள பூடுச்சி. நீகூட அந்தப் பக்கம்தான வேல பாத்த,” என்றாள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஐயையோ, இது ஆபீஸ்ல தெரிஞ்சா?” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நான் அப்போது ஒரு கழித்தலைப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் நிஜ வயது எழுபத்தாறு. தமிழ்நாட்டுச் சராசரியை அவர் எப்போதோ தாண்டிவிட்டார், பட்டாசு கூட வெடிக்காமல். அதோடு இன்னொன்று. தன் சொந்த அறுபதில் அவர் ரிட்டயர் ஆகியிருந்தால் நான்கு வருடம் முன்னமே குவார்ட்டர்ஸைக் காலி செய்திருப்போம். நான் பி.எட். படித்தது அந்த நான்கு வருடத்தில். என் கல்யாணம் அந்த நான்கு வருடத்தில். எட்டு மாதம் மட்டும் இருந்த ஒரு குழந்தை, எனக்குச் சித்தப்பா முறை, என்னைப் படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்திருக்கிறார். எனக்குச் சித்தப்பா என்று ஒருவர் இருந்ததே அன்றுதான் தெரியும். கூப்பிட ஒரு பேர் கூட இல்லாத சித்தப்பா.

அப்பா எழுந்து போய்க் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். நான் பின்னால் போகப் போனேன். அத்தை கையைப் பிடித்து, “வுடு. கொஞ்ச நேரம் குந்தட்டும்,” என்றாள். அம்மா மட்டும் ஜன்னலருகே நின்று, அவர் தலை நிமிர்ந்தே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை அன்று தங்கிவிட்டாள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது இரண்டு மாதக் குழந்தை. மறுநாள் தடுப்பூசி என்று நர்ஸம்மா போன் செய்து அவளுக்கு நினைவுபடுத்தியது சுவர் தாண்டி எங்களுக்கும் கேட்டது. “எதுக்கு அந்தம்மா போன் பண்றாங்க?” என்று அத்தை கேட்டாள். சொன்னேன். “இவளா கேக்காமயே அவங்களா கூப்புடறாங்களா?” என்றாள். அந்தக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தாள். “இந்த காலத்துல பொறந்துருந்தா அஞ்சும் இருந்துருக்கும்,” என்று சொன்னாள். அதைப் பெரிதாக வருத்தப்பட்டெல்லாம் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். மாநிலம் முந்துகிறது, தேசம் பின்னால் வருகிறது என்று நான் பலகையில் வரைந்து காட்டும் சராசரிக் கோடுகள் எல்லாம் அந்தப் போன் மணிதான் என்று எனக்குத் தோன்றியது. இன்னும் எத்தனையோ ஊர்களுக்கு அந்த மணி சரியாக அடிக்கவில்லை. அடிக்கும். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

மறுநாள் காலை அப்பா என்னைக் கூப்பிட்டார். கையில் நோட்டு.

“பாப்பா, ஒரு சந்தேகம். தம்பிக்கு சைபர்தான போட்ருப்பாங்க?”

“சைபர் கூட போடலப்பா. அவர் செத்ததை யாரும் எழுதலியே. காகிதத்துல அவர் சாகவே இல்ல.”

“அப்ப?”

“வேலைக்குச் சேர்ந்தாரு. ரிட்டயர் ஆனாரு. இப்ப எழுபத்து இரண்டு வயசு.”

அப்பா நோட்டைப் புரட்டினார். கையெழுத்துகளை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எதையோ தேடுவது போல் இருந்தது. பிறகு நோட்டை மூடினார்.

“அந்த டாக்டரம்மா, பேட்டரி எத்தன வருசம்னு சொன்னாங்க?”

“பத்து.”

“ம்.” எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா பதறிப்போய் என்னைப் பின்னாலேயே விரட்டினாள். நான் தெருமுனைக்குப் போவதற்குள் அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். தோளில் ஸ்பேனர் செட்.

“ஃபிட்டர்கிட்ட என்ன சொல்லி வாங்கினீங்க?”

“சர்வீஸ் முடியல, தேதி தப்பா போட்டுட்டாங்கன்னு சொன்னேன்,” என்றார்.

அந்த வாரமே அட்மிஷன் போட்டோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரிட்டயர்மென்ட் அன்று போலவே தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். என் கணவர் ஃபைலைச் சுமக்க, அம்மா ஃபிளாஸ்கைச் சுமக்க, நான் பயத்தைச் சுமந்துகொண்டு நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் இருந்து தலையெடுக்காமல் கேட்டாள்.

“வயசு சொல்லுங்கய்யா.”

வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிவந்த எண் வரும் என்று நான் நினைத்தேன்.

“எழுவத்தி ஆறு.”

அவள் அப்பாவின் ஆதார் அட்டையைப் பார்த்தாள். “இதுல எழுபத்து ரெண்டு வருதே?”

“அது என் தம்பியோடது.”

“தம்பி அட்டைய மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா? அவரு வந்திருக்காரா கூட?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்பா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“வந்துருக்கான். எப்பவும் கூடத்தான் இருக்கான்.” குனிந்து கவுன்டர் ஓட்டை வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார். “அட்டையில இருக்கறதயே போட்டுக்கம்மா. அவனும் இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்.”